ஆம்பிவலென்ட் நடத்தப் போகிறாயா?

தங்கச்சி, அடுத்த வாரம் ஆம்பிவலென்ட் என்ற சொல்லை நடத்த வேண்டும், வகுப்பு முழுக்கச் சீனமொழி பேசுகிறவர்கள், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறாய். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் அடங்கும் விஷயம் இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சிங்கப்பூரில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கும் உன் தோழிகளுக்கும் கொடு, உதவும்.

முதலில் எதிரே உட்காரப் போகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள். பெரும்பாலும் சீனாவிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள். நடுவில் ஓரிரு தைவான்காரர்கள், மலேசியாவில் சீனமொழிப் பள்ளியில் படித்தவர்கள் இருப்பார்கள். இவர்களிடம் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. 'பெய் தான்ஸி', அதாவது சொற்களை உருப்போடுவது, அங்கே பல வருடப் பழக்கம். 1993-இல் நியூ ஓரியண்டல் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கிய யூ மின்ஹொங், ஜிஆர்இ தேர்வுக்காக ஒரு சொல் புத்தகம் தொகுத்தார். ஒரு காலத்தில் மாவோவின் மேற்கோள் நூலுக்கு இருந்த 'சிவப்புப் பொக்கிஷப் புத்தகம்' என்ற பட்டப்பெயரை மாணவர்கள் அதற்கும் வைத்துவிட்டார்கள். சொல் புத்தகம் எதைத் திறந்தாலும் முதல் சொல் அபாண்டன், அதாவது கைவிடு, அதைப் படித்ததும் புத்தகத்தையே கைவிட்டோம் என்பது அவர்கள் அலுக்காமல் சொல்லும் ஜோக். முதல் வகுப்பில் நீயே அதைச் சொல்லிப் பார். அறை உடனே உன் பக்கம் வந்துவிடும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. உன் மாணவர்கள் ஆம்பிவலென்ட்டை ஏற்கெனவே எங்கோ பார்த்திருப்பார்கள். அதற்கு ஒரு சீனச் சொல்லும் மனதில் ஒட்டியிருக்கும். நீ வெற்றுப் பலகையில் எழுதப் போவதில்லை, ஏற்கெனவே எழுதியிருப்பதைத் திருத்தப் போகிறாய். அதனால் பொருளைச் சொல்லி ஆரம்பிக்காதே. அவர்களையே சொல்லவிடு. பத்தில் எட்டுப் பேர் 'மாவ்துன்' என்பார்கள்.

மாவ் என்றால் ஈட்டி, துன் என்றால் கேடயம், சேர்த்தால் முரண்பாடு. கி.மு. 233-இல் இறந்த ஹன் ஃபெய் என்ற சிந்தனையாளரின் பெயரில் உள்ள நூலில் வரும் கதை இது. ச்சூ நாட்டில் ஒருவன் ஈட்டியும் கேடயமும் விற்றான். என் கேடயத்தை எதுவும் துளைக்காது என்றான். அடுத்த மூச்சில், என் ஈட்டி துளைக்காத பொருளே கிடையாது என்றான். உன் ஈட்டியால் உன் கேடயத்தைக் குத்தினால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். வியாபாரியிடம் பதில் இல்லை. சீனப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் உள்ள கதை, எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் யாரையாவது ஆங்கிலத்தில் சொல்லச் சொல். நல்ல பேச்சுப் பயிற்சி, உனக்கும் ஐந்து நிமிடம் மூச்சுவிட நேரம்.

கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேள்: வியாபாரி சொன்ன இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? முடியாது, ஒன்றாவது பொய் என்பார்கள். இங்கேதான் பிடிக்க வேண்டும். ஆம்பிவலென்ட்டாக இருப்பவருடைய மனதில் உள்ள இரண்டு உணர்வும் மெய். ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ஆளுக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்கின்றன. இதைப் பலகையில் பெரிதாக எழுதிவிடு. மீதி வகுப்பு முழுக்க இதைத் தொட்டுத்தான் பேசப் போகிறாய்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாவ்துன் மிக அகலமான சொல். இரண்டு அறிக்கைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் அது மாவ்துன். அறைத்தோழியோடு மனஸ்தாபம் என்றால் அதுவும் மாவ்துன். மாவோ 1937-இல் எழுதிய 'முரண்பாடு குறித்து' கட்டுரையின் தலைப்பில் இருப்பதும் அதே சொல்தான், மேல்நிலைப் பள்ளி அரசியல் பாடத்தில் அதைத் தத்துவக் கலைச்சொல்லாகப் படித்துவிட்டு வருகிறார்கள். இலக்கியத்திலும் அதற்கு ஒரு கதை உண்டு. ஷென் தெஹொங் என்ற எழுத்தாளர் 1927-இல் முதல் கதையை வெளியிட்டபோது முரண்பாடு என்ற பொருளில் அந்தச் சொல்லையே புனைபெயராக எழுதிக் கொடுத்தார். அது புனைபெயர் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும் என்று பதிப்பாசிரியர் யே ஷெங்தாவ் முதல் எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் கோடுகளைச் சேர்த்து, நிஜக் குடும்பப்பெயர் போல ஆக்கிவிட்டார். மாவ் துன் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது, இன்று அவர் பெயரில் சீனாவின் பெரிய நாவல் பரிசே இருக்கிறது. இந்தக் கதையைத் தெரிந்து வைத்துக்கொள். ஒரு ஆங்கில டீச்சருக்கு மாவ் துன்னைத் தெரியும் என்றால், வகுப்பில் உன் மதிப்பு ஒரு படி ஏறும்.

இத்தனை சுமையோடு இருக்கும் சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன வரும்? 'இந்த இரண்டு அறிக்கைகளும் ஆம்பிவலென்ட்' என்று எழுதுவார்கள். அங்கே வேண்டியது கான்ட்ரடிக்டரி. 'நானும் என் அறைத்தோழியும் ஆம்பிவலென்ட்' என்பார்கள். சண்டை என்று சொல்ல வந்திருக்கிறார்கள். 'கேள்வி ஆம்பிவலென்ட்டாக இருக்கிறது' என்றால் ஆம்பிகுவஸைத் தேடியிருக்கிறார்கள். இம்மூன்றையும் நீயே பலகையில் எழுதிப்போட்டு எங்கே தவறு என்று கேள். எழுதியவர் யார் என்று தெரியாத தவறு என்றால் எல்லோரும் துணிந்து திருத்துவார்கள். ஒரு மாணவரின் தவறைப் பெயர் சொல்லிப் பலகைக்கு ஏற்றிவிட்டால், அந்த முகம் அடுத்த வாரம் கடைசி வரிசையில்தான் தெரியும்.

மாவ்துன்னை அடியோடு விலக்கவும் வேண்டாம். 'ஷின்லி ஹென் மாவ்துன்', உள்ளுக்குள் ஒரே முரண்பாடு, என்று சீனர்கள் தினமும் சொல்கிறார்கள். அது ஆம்பிவலென்ட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. ஷின்லி, மனதுக்குள், என்ற சொல் சேர்ந்ததும் ஈட்டியும் கேடயமும் ஒரு ஆளுக்குள் வந்துவிடுகின்றன. சீனத்தில் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இந்த முழுத் தொடரைக் கொடு. சீனம் தெரியாதே என்று பயப்படாதே. தொடரைச் சொல்லிவிட்டு, என் உச்சரிப்பைத் திருத்துங்கள் என்று கேள். திருத்துவதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த தலைமுறைச் சொல் ஒன்று உண்டு, 'ஜியுஜியே'. இளையவர்கள் நிச்சயம் இதைத்தான் சொல்வார்கள். இரண்டு எழுத்துகளிலும் பட்டு நூலைக் குறிக்கும் பகுதி இருக்கிறது, நூல் சிக்கிக்கொண்ட மாதிரி. இந்த போனா அந்த போனா, வேலையை விடலாமா கூடாதா என்று அல்லாடும்போது ஜியுஜியே. கேட்டால் ஆம்பிவலென்ட் போலவே தோன்றும். ஆனால் ஜியுஜியே ஒரு முடிவுக்காகக் காத்திருக்கிறது. போனை வாங்கியதும் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். சீனாவின் செங்துவை விட்டு வந்து, இங்கே நிரந்தரவாசம் வாங்கி, வீடும் வாங்கிவிட்ட ஒருவர் இன்னமும் சிங்கப்பூர் வாழ்க்கையைப் பற்றி ஆம்பிவலென்ட்டாக இருக்கலாம். அவருக்கு எடுக்க வேண்டிய முடிவு எதுவும் பாக்கியில்லை. உணர்வு மட்டும் இரண்டாகவே நிற்கிறது. இந்த ஒரு உதாரணம் போதும், வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள்.

இன்னொரு பக்கம் 'வூ சுவோ வெய்'. எதுவானாலும் பரவாயில்லை என்பது. எங்கே சாப்பிடலாம் என்றால் எனிதிங் என்பாரே உன் அத்தான், அதுதான். ஆம்பிவலென்ட்டுக்கு அக்கறை இல்லை என்று பொருள் கொள்கிறவர்கள் ஆங்கிலேயரிலேயே உண்டு. அதனால் உன் மாணவர்கள் வழுக்கினால் ஆச்சரியப்படாதே. ஆம்பிவலென்ட்டாக இருப்பவருக்கு அக்கறை கூடுதல், அதுவும் இரண்டு திசையில். நடுநிலை என்று யாராவது சொன்னாலும் இதே பதில்.

'மோ லெங் லியாங் கெ' என்றும் ஒருவர் சொல்லக்கூடும். பேரரசி வூ செதியன் காலத்து அமைச்சர் சு வெய்தாவ், எதையும் தெளிவாகச் சொன்னால் நாளைக்கு மாட்டிக்கொள்வோம், விளிம்பைத் தொட்டு இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டால் போதும் என்று இருந்தவர். சு மோலெங் என்றே அவருக்குப் பட்டப்பெயர். அது வழுவழு பேச்சைக் குறிக்கிற சொல், உணர்வை அல்ல. சிரித்துவிட்டுத் தாண்டிப் போ.

சரி, புரியவைக்கும் வழி. எனக்குப் பிடித்தது துண்டு விளையாட்டு. ஒருவரை நடுவில் நிறுத்து. இடதுகையில் ஒரு துண்டின் முனை, வலதுகையில் இன்னொன்றின் முனை. மறுமுனைகளை இருவர் பிடித்துக்கொள்ளட்டும். கையைக் கோத்துக்கொள்ளச் சொல்லாதே, முதிர்ந்த மாணவர்கள் கூச்சப்படுவார்கள். இடதுபக்கத்தவர் வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, ஊருக்குப் போக ஒரு காரணம் சொல்லி மெதுவாக இழுக்க வேண்டும். வலதுபக்கத்தவர் போகாமலிருக்க ஒரு காரணம் சொல்லி இழுக்க வேண்டும். நடுவில் இருப்பவர் ஐ ஆம் ஆம்பிவலென்ட் என்பார். இப்போது இரண்டு துண்டையும் விட்டுவிடச் சொல்: இது வூ சுவோ வெய். மறுபடி பிடிக்கச் சொல்லி, நடுவில் இருப்பவரை ஒரு பக்கம் ஓரடி நகரச் சொல், துண்டை விடாமல்: முடிவு எடுத்தாயிற்று, ஜியுஜியே போய்விட்டது, ஆம்பிவலென்ட் இன்னும் கையில் இருக்கிறது. விளக்கமே வேண்டாம், பார்த்தவர்களுக்கு மறக்காது.

வசந்த விழாவை நான் வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுக்கிறேன். அந்த நாற்பது நாள் பயண நெரிசலில் டிக்கெட் பிடிக்கும் போராட்டம், அம்மா கையால் பிடித்த ஜியாவ்ஸிக் கொழுக்கட்டை, பாட்டி தரும் ஹோங் பாவ் பணக்கவர் ஒரு பக்கம். சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிட்டதே என்று சுற்றி உட்கார்ந்து கேட்கும் அத்தைகள் இன்னொரு பக்கம். கல்யாணத்துக்கு நெருக்குவதற்கு 'த்ஸுய்ஹூன்' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பைத் தொட்டால் வாயே திறக்காதவர்களும் பேசுவார்கள். நம் வீட்டுத் தீபாவளியிலும் இதேதானே என்று நீயும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். ஆனால் 'உங்கள் அம்மா அப்பாவைப் பற்றி ஆம்பிவலென்ட்டாக இருக்கிறீர்களா' என்று நேராகக் கேட்டுவிடாதே. நாலு பேர் முன்னால் பெற்றவர்களைக் குறை சொல்லச் சொல்வது போல் ஆகிவிடும். விழா, ஊர், வேலை, தேர்வு, குடும்ப வீசாட் குழு என்று சுற்றிவளைத்தே போ.

நாற்றத் தோஃபு உதாரணத்தை மட்டும் எடுக்காதே. முகர்ந்தால் நாற்றம், தின்றால் மணம் என்று சீனர்களே சொல்வார்கள், ஆம்பிவலென்ட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று தோன்றும். ஆனால் இரண்டு குணமும் தோஃபுவில் இருக்கிறது, தின்கிறவர் மனதில் இல்லை. அவர் முழுமனதோடு இரண்டாவது தட்டு கேட்கிறார். பொருளில் நல்லதும் கெட்டதும் இருப்பது வேறு, ஆளுக்குள் விருப்பும் விலகலும் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைக் கேட்கும் மாணவர் கிடைத்தால் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள், நல்ல எழுத்து வரும்.

சொல்லின் உடலைப் பிரித்துக் காட்டு. எழுத்துக்குள் எழுத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள், வேரைப் பிரிப்பது அவர்களுக்குக் கரும்பு தின்கிற மாதிரி. ஆம்பி என்றால் இருபுறமும். வலென்ட் என்பதில் உள்ள லத்தீன் வேருக்கு வலிமை என்று பொருள், வேல்யூ, வேலிட் இரண்டிலும் அதுதான். ஈக்விவலென்ட் அவர்களுக்குத் தெரியும், சம வலிமை. அங்கிருந்து ஆம்பிவலென்ட்டுக்கு ஓரடிதான், இருபுறமும் வலிமை. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1910 வாக்கில் ஜெர்மனில் உருவாக்கிய சொல் இது. ஸ்கிசோஃப்ரெனியா என்ற பெயரும் அவர் வைத்ததே. ஃப்ராய்ட் கையில் பரவி, மருத்துவமனையிலிருந்து வீட்டுப் பேச்சுக்கு வந்தது. ஆளின் மனதைச் சொல்லத்தான் பிறந்தது, பொருளைச் சொல்ல அல்ல என்று இங்கே இன்னொரு முறை ஆணி அடிக்கலாம்.

இலக்கணத்தில் மூன்று இடத்தில் தடுக்குவார்கள். சீனத்தில் பெயரடையே வினை போல நிற்கும், 'வோ ஹென் காவ்ஷிங்', நான் மிக மகிழ்ச்சி. நடுவில் ஆம், இஸ் எதுவும் வேண்டாம். அதனால் 'ஐ வெரி ஆம்பிவலென்ட்' வரும். அவர் ஆசிரியர் என்று வினையே இல்லாமல் பேசுகிற நமக்கு இதில் கோபப்பட உரிமை இல்லை. ஐ ஆம், ஐ ஃபீல், ஐ ரிமெய்ன் மூன்றையும் சொல்லோடு சேர்த்தே வாய்ப்பாடமாக்கு. வெரி தவறில்லை என்றாலும் டீப்லி ஆம்பிவலென்ட், சம்வாட் ஆம்பிவலென்ட் இரண்டும் காதுக்கு இயல்பு. இரண்டாவது, சீனத்தில் 'துய்' என்ற ஒரே சொல் டு, ஃபார், அபௌட், டுவோர்ட்ஸ் எல்லா வேலையும் பார்க்கும். ஆகவே ஆம்பிவலென்ட் டு என்பார்கள். அபௌட், டுவோர்ட்ஸ் இரண்டைத் தவிர எதையும் அனுமதிக்காதே. மூன்றாவது, இரண்டு பக்கத்தையும் சொல்லவரும்போது 'ஆல்தோ' போட்ட வாக்கியத்திலேயே 'பட்' என்பதையும் போடுவார்கள். சீனத்தில் 'சுய்ரான்' வந்தால் 'தான்ஷி' கூடவே வர வேண்டும், அந்தப் பழக்கம். இரண்டில் ஒன்றை அடித்துவிடு, அவ்வளவுதான்.

உச்சரிப்புக்கு வருவோம். அழுத்தம் இரண்டாம் அசையில், பி-யில். எந்த அசைக்கு எந்தத் தொனி என்று கேட்பது அவர்கள் வழக்கம். பி-க்கு நாலாம் தொனி, மற்ற அசைகளுக்கு மாமா, பாபா என்பதன் இரண்டாம் அசைபோல மென்தொனி என்று சொல்லிப் பார். ஆங்கில அழுத்தம் தொனி அல்ல என்று மொழியியல் படித்தவர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் வகுப்பில் வேலை செய்கிறது. மாண்டரினில் வி ஒலி இல்லாததால் ஆம்பிவெலன் போல டபிள்யூ கலந்து வரும். கடைசியில் ட் விழுந்துவிடும், அவர்கள் மொழியில் ன், ங் தவிரப் பெரும்பாலும் எந்த மெய்யும் சொல்லின் முடிவில் நிற்காது. பி-க்கு இரண்டு உதடும் மூட வேண்டும், உடனே மேற்பல் கீழுதட்டைத் தொட்டு உரச வேண்டும். கண்ணாடி பார்த்துப் பழகச் சொல். அதற்கு முன்னால் நீ கண்ணாடி பார். நம் வ-வும் உரசாமல் நழுவுகிற ஒலிதான், டீச்சர் வாயில் வராதது மாணவர் வாயில் வராது.

ஐயெல்ட்ஸ் எழுதப்போகிறவர்கள் இந்தச் சொல்லை எங்காவது செருகத் துடிப்பார்கள். 'காவ்ஜி த்ஸிஹுய்', உயர்தரச் சொற்கள், என்றாலே மதிப்பெண் என்று அவர்கள் நினைப்பு. சொல்வளத்துக்கு நாலில் ஒரு பங்கு மதிப்பெண் உண்டு என்பது உண்மைதான். ஆனால் கருத்துக் கேட்கும் கட்டுரையில் என் நிலைப்பாடு ஆம்பிவலென்ட் என்று எழுதினால் தேர்வாளர் தேடும் தெளிவான நிலைப்பாடு காணாமல் போகும். மற்றவர்களைப் பற்றி எழுதச் சொல்: பெற்றோர் பலர் இணையவழிக் கல்வி குறித்து ஆம்பிவலென்ட்டாக இருக்கிறார்கள், அதற்குப் பின் ஏன் என்று இரண்டு வரி. வேலை நேர்காணலில் இந்த வேலையைப் பற்றி நான் ஆம்பிவலென்ட் என்று சொல்லாதீர்கள் என்று சொல்லிவை. சிரிப்பார்கள், ஆனால் சொல்லிவை. தோழிகளோடு காபி குடிக்கும்போது மிக்ஸ்ட் ஃபீலிங்ஸ், டோர்ன் போதும், ஆம்பிவலென்ட் அங்கே சற்று விறைப்பாக இருக்கும்.

ஹோம்வொர்க்குக்கு ஒரே வாக்கியம் கொடு, ஐ ஆம் ஆம்பிவலென்ட் அபௌட் என்று ஆரம்பிப்பது. அதற்குப் பின் இழுக்கும் இரண்டு காரணங்களும் தனித்தனி வினையோடு வர வேண்டும், ஒன்றே ஒன்று இருந்தால் மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. திருத்தும்போது ஒரு காரணத்தின் கீழ் நீலக்கோடு, மற்றதன் கீழ் பச்சைக்கோடு போடு. இரண்டும் ஒரே திசையில் இழுக்கிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை, எழுத்துப்பிழையை இந்த வாரம் விட்டுவிடு. நல்லதாக வந்த வாக்கியங்களை எனக்கும் அனுப்பு, பெயரை மறைத்து. என் வகுப்புக்கும் வேண்டியிருக்கிறது.